திரும்பி நடப்பவர்கள்

அன்புள்ள ஐயா,

அடுத்த ஆண்டு ஸ்பெயினில் சந்தியாகோ யாத்திரைப் பாதையில் நடக்கப்போகிறேன். கடவுள் நம்பிக்கை இல்லாதவன். விடுப்பு பத்து நாள்தான். வழியிலுள்ள சாரியா என்ற ஊரிலிருந்து நடந்து, பையை வண்டியில் அனுப்பிவிட்டால் அது யாத்திரை ஆகுமா? சந்தியாகோ பேராலயத்தில் இருப்பவை இயேசுவின் சீடர் யாக்கோபின் எலும்புகள்தானா? போய்ச் சேர்ந்த மறுநாளே விமானம் ஏறுகிறேன்.

க.

அன்புள்ள க.,

எலும்புகளைப் பற்றி நிரூபணம் கேட்காதீர்கள். 1589இல் ஆங்கிலேயப் படைக்குப் பயந்து ஒளித்துவைத்ததாகச் சொல்லப்படுபவை 1879இல் மீண்டும் கிடைத்தன. 1884இல் போப் பதின்மூன்றாம் லியோ அவை யாக்கோபுடையவையே என்று ஏற்றுக்கொண்டார். அதற்குமேல் அது நம்புகிறவர்கள் பாடு. கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே சான்றிதழ் உண்டு, சாரியா போதும். பையையும் தாராளமாக அனுப்புங்கள். 12ஆம் நூற்றாண்டில் யாத்திரிகர்கள் வழியிலுள்ள திரியகாஸ்தேலாவில் ஆளுக்கொரு சுண்ணாம்புக்கல்லை எடுத்து காஸ்தன்யேதா சூளைவரை சுமந்தார்கள். பேராலயம் கட்டச் சுண்ணாம்பு வேண்டியிருந்தது. உங்கள் மாற்றுடைகளைச் சுமப்பதால் யாருக்கு என்ன லாபம்? யாத்திரை ஆகுமா என்று என்னிடம் கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள். நடக்கப்போகிறவர் நீங்கள்.

ஆனால் அந்தக் கடைசி வரி! கொஞ்ச நாளாகவே என்னை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் அது. இடைக்கால யாத்திரிகருக்கு சந்தியாகோ பாதி வழிதான். உயில் எழுதிவைத்துவிட்டு பாரிசிலிருந்து புறப்பட்டவர், கல்லறையை வணங்கியபின் அதே பிரனீஸ் மலையை மறுபடியும் ஏறி இறங்கியாக வேண்டும். யாத்திரிகரின் சின்னமான சிப்பியை சந்தியாகோவில் வாங்கித்தான் அணிந்துகொண்டார். அது போய்ச் சேர்ந்தவரின் அடையாளம். இன்று புறப்படும்போதே பையில் தொங்குகிறது. 2024இல் சான்றிதழ் பெற்றவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். திரும்பி நடந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1980களில் பாதையிலுள்ள 'ஓ செப்ரெய்ரோ' என்ற ஊரின் பங்குத்தந்தை எலியாஸ் வாலீன்யா மஞ்சள் பெயிண்டால் அம்புக்குறிகள் வரைந்து இந்தப் பாதைக்கு உயிர் கொடுத்தார். அந்த மனிதருக்கு நாம் எல்லோரும் கடன்பட்டவர்கள். ஆனால் அம்புகள் சந்தியாகோவை மட்டுமே காட்டுகின்றன. நான் அங்கிருந்து கிழக்கே நடந்தபோது, மரத்தைத் தாண்டிப்போய்த் திரும்பிப் பார்த்தால்தான் அம்பு கண்ணில் பட்டது.

போகும்போது நமக்கு முன்னே தெரிவது முதுகுகளும் பைகளும். திரும்பும்போது வருவதெல்லாம் முகங்கள். மெலிதே என்ற ஊரைத் தாண்டி யூகலிப்டஸ் காட்டில் ஒரு மூதாட்டி எதிரே வந்தார். ஒரு காலில் பூட்ஸ், மறு காலில் ரப்பர் செருப்பு, குதிகால் கொப்புளத்தின் மேல் அழுக்கேறிய பிளாஸ்திரி. வழி தவறி வருகிறேன் என்று நினைத்துக் கைத்தடியால் மேற்கைக் காட்டினார். அங்கிருந்துதான் வருகிறேன் என்றதும் தடியை ஊன்றி நின்றுவிட்டார். "இனிமேல் ஏற்றம் அதிகமா?" என்று கேட்டார். சொன்னேன். முகம் தெளிந்து நடந்தார்.

எந்த ஆற்றில் வெள்ளம், எந்த மடத்தில் ரொட்டி கிடைக்கும், யார் இறந்தார்கள் என்பதையெல்லாம் ஒருகாலத்தில் திரும்புகிறவர்கள்தான் போகிறவர்களுக்குச் சொன்னார்கள். இன்று செல்பேசி சொல்லிவிடும் என்பீர்கள். அந்த மூதாட்டியிடமும் செல்பேசி இருந்தது. முடித்துவிட்டு வருகிற ஒருவரின் முகத்தைப் பார்த்து அவர் கேட்க விரும்பினார். அவரைப் போன்றவர்களுக்கு எதிரே யாரும் வராத பாதையாக அதை ஆக்கிவிட்டு, நீங்களும் மறுநாளே பறந்துவிடப் போகிறீர்கள்.

சாரியாவிலிருந்து ஐந்தாறு நாளில் போய்விடலாம். டிக்கெட்டை மாற்றுங்கள். மிச்ச நாட்களில் வழியிலுள்ள அர்சுவா ஊர்வரையாவது திரும்பி நடங்கள். அங்கிருந்து சந்தியாகோவுக்கு பஸ் இருக்கிறது.