நீச்சல், சைக்கிள், ஓட்டம்: மதுரைக்காரர்கள் கேட்ட கேள்விகள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கிற டிரையத்லான் போட்டிக்குப் போகலாமா என்று யோசிக்கிற நம்மூர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். நான் பயிற்சியாளர் இல்லை. பகலெல்லாம் ஜவுளிக்கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டு, விடிவதற்குள் கிடைக்கிற நேரத்தில் பழகி, பந்தயங்களுக்குப் போய் வருகிற ஆள்.

ஒத்தக்கடை, கல்லூரி மாணவர்: அண்ணே, டிரையத்லான் என்றாலே அயர்ன்மேன்தானா?

இல்லை தம்பி. இருப்பதிலேயே பெரிய அளவுகளில் ஒன்று அது: 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். 1978-ல் ஹவாயில் 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்த போட்டியிலிருந்து வந்தது. அதில் சரிபாதிதான் 70.3 என்கிற போட்டி, கோவாவில் அது 2019-ல் தொடங்கியது; பெயரிலுள்ள எண் மொத்த தூரம், மைல் கணக்கில். ஒலிம்பிக் அளவு 1.5, 40, 10 கி.மீ. ஸ்பிரின்ட் என்றால் 750 மீட்டர், 20, 5 கி.மீ. முதல் தடவைக்கு ஸ்பிரின்ட் போதும். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து அழகர்கோவில் போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட ஒலிம்பிக் அளவின் சைக்கிள் தூரம் வந்துவிடும். அது பயப்படுகிற அளவு தூரமா என்ன?

சோழவந்தான், விவசாயி: சின்ன வயசில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவன். கடலுக்கு அது போதுமா?

தண்ணீர் பயம் இல்லாதது பெரிய விஷயம். டவுனில் வளர்ந்தவர்கள் அதற்கே மாதக்கணக்கில் படாத பாடு படுகிறார்கள். ஆனால் கிணற்று நீச்சலில் தலை எப்போதும் மேலேயே இருக்கும். தலை தூக்கினால் இடுப்பும் காலும் இறங்கிவிடும், 200 மீட்டருக்குள் மூச்சு வாங்கும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூச்சை உள்ளேயே விட்டு, பக்கவாட்டில் திரும்பி இழுக்கப் பழக வேண்டும். ரேஸ்கோர்ஸ் மைதான நீச்சல் குளம் மாதிரி ஓர் இடத்தில், சொல்லிக்கொடுக்க ஆளோடு பழகுங்கள். 50 மீட்டர் குளத்தில் 30 தடவை நிற்காமல் போனால் 1.5 கி.மீ.

நேராகப் போகக் குளத்தில் இருப்பது போலக் கடலில் கீழே கோடு இருக்காது. எட்டுப் பத்து கை வீச்சுக்கு ஒரு முறை கண்ணை மட்டும் மேலே கொண்டுவந்து மிதவையைப் பார்க்கவில்லை என்றால் கரை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். கூட்டத்தில் யாராவது முகத்தில் உதைப்பார்கள், கண்ணாடி நழுவும், நெஞ்சு படபடக்கும். அப்போது மல்லாந்து மிதந்துகொள்ளுங்கள். காவல் படகைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம், அதைப் பிடித்து முன்னேறத்தான் கூடாது. தவளை நீச்சல் அடித்தாலும் செல்லும்.

கடல் பழக மண்டபம் பக்கம் போகிறவர்கள் காலத்தைப் பார்த்துப் போங்கள். வடகிழக்குப் பருவமழையில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும்; தென்மேற்குக் காற்று வீசும்போது மன்னார் வளைகுடாப் பக்கம் அப்படி. உள்ளூர் மீனவரைக் கேட்காமல், கூடப் படகு இல்லாமல் இறங்க வேண்டாம். கண்மாய் வேண்டவே வேண்டாம். சேறு, ஆகாயத்தாமரை, அடியில் கருவேல முள்.

திருநகர்: சைக்கிள் லட்சத்தில் வாங்கணுமா சார்?

ஸ்பிரின்ட்டுக்கு வீட்டில் இருக்கும் கியர் சைக்கிளே போதும். பிரேக் நன்றாக இருக்க வேண்டும், ஹெல்மெட் கட்டாயம். அந்தக் காசில் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். பஞ்சர் ஆனால் நீங்களேதான் டியூப் மாற்ற வேண்டும், அதை வீட்டு வாசலில் உட்கார்ந்து பழகிவிட்டு வாருங்கள்.

மேலூர்: சைக்கிளிலிருந்து இறங்கி ஓடினால் கால் என் கால் மாதிரியே இல்லை. ஏன்?

எல்லோருக்கும் அப்படித்தான். மணிக்கணக்கில் ஒரே வட்டத்தில் சுற்றிய தசைகளை உடனே வேறு வேலைக்கு மாற்றுகிறோம். வாரம் ஒரு நாள் சைக்கிள் ஓட்டி முடித்த கையோடு பதினைந்து நிமிடமாவது ஓடுங்கள். அழகர்கோவில் போய் வந்து, வண்டியூர் தெப்பக்குளத்தை இரண்டு சுற்று ஓடினாலே போதும். ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கி.மீ.

ஆனால் பெரும்பாலும் கோளாறு ஓட்டத்தில் இல்லை, சைக்கிளில். தண்ணீரிலிருந்து உயிரோடு வந்த சந்தோஷத்தில் முதல் அரை மணி நேரம் எல்லோரும் பறப்பார்கள். நீச்சலில் வேகமானவருக்கும் சுமாரானவருக்கும் சில நிமிடம்தான் வித்தியாசம். சைக்கிளில் அடக்கி ஓட்டாதவர் ஓட்டத்தில் இழப்பது அதைவிட அதிகம். கடைசி 5 கி.மீ. நடந்தே வருகிறவர்களைப் பார்த்தால் தெரியும். பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்திலேயே முதல் பாதியை ஓட்டுங்கள். ஆடி மாதத்தில் உசிலம்பட்டி ரோட்டில் மேற்கே போனால் எதிர்க்காற்று இதை இலவசமாகவே கற்றுத்தரும்.

செல்லூர்: நடுவில் என்ன சாப்பிடுவது? பாக்கெட்டில் வரும் இனிப்பு ஜெல்லா, நம்ம சாப்பாடா?

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பந்தயத்துக்குத் தண்ணீரே போதும். அதற்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் போல இருக்கும். பேரீச்சம்பழமும் நல்லதுதான். கடலைமிட்டாய் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் கொழுப்பு இருப்பதால் ஓட்டத்தில் வயிற்றில் கல்லாக உட்காரும். பந்தயம் முடிந்து சாப்பிடுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை மட்டும் நம்பாதீர்கள். ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அது உப்புக்கு, தெம்புக்கு இல்லை. வெயில் என்று வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

வில்லாபுரம், இரண்டு பிள்ளைகளின் தாய்: உடைதான் எனக்குத் தயக்கம்.

இதற்குத் தயங்கி நிற்கவே வேண்டாம்மா. தோள் மூடி, தொடை பாதி வரை வரும் டிரைசூட் இருக்கிறது. மூன்றுக்கும் அது ஒன்றே போதும், உடை மாற்றவே தேவையில்லை. கையும் காலும் முழுக்க மூட நினைத்தால் ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், விதி போட்டிக்குப் போட்டி மாறும். கழுத்திலும் அக்குளிலும் வாசலைன் தடவ மறக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் உரசினால் மறுநாள் புடவை கட்ட முடியாது.

மாறுமிடத்தில், அதாவது ஒன்றை முடித்து அடுத்ததற்குத் தயாராகிற, சைக்கிள் நிறுத்தியிருக்கும் இடத்தில், பொருள் வைக்கும் விதமும் கேட்டிருந்தீர்கள். சைக்கிளுக்குப் பக்கத்தில் சின்னத் துண்டு விரியுங்கள். அதன் மேல் ஷூ, உள்ளே பாதி சுருட்டிய சாக்ஸ். ஹெல்மெட்டைக் கவிழ்க்காமல் மல்லாத்தி, வார் திறந்தபடி கைப்பிடி மேல் வையுங்கள், அதற்குள் கூலிங் கிளாஸ். கால் மணலைக் கழுவ ஒரு பாட்டில் தண்ணீர். முதலில் ஹெல்மெட் வாரை மாட்டிவிட்டுத்தான் சைக்கிளைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை உண்டு.

அண்ணாநகர், 52 வயது: சுகர் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். வரலாமா?

டாக்டர் சொல்லாமல் வேண்டாம் சார். இதயப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். இந்த விளையாட்டில் நடக்கிற இறப்புகளில் பெரும்பாலானவை நீச்சலில்தான். சில மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையைத் திடீரென்று இறக்கும். ரோட்டில் என்றால் உட்கார்ந்துவிடலாம், தண்ணீரில் முடியாது. குளத்தில்கூடத் தனியாக நீந்தாதீர்கள்.

கே.புதூர்: விடியற்காலையில் நாய் துரத்துகிறதே?

மிதித்துத் தப்பப் பார்க்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நில்லுங்கள். பெரும்பாலும் அதற்கே சலித்துப்போகும்.

திருமங்கலம்: கடைசி ஆளாக வந்தாலும் மெடல் உண்டா?

கெடு நேரத்துக்குள் வந்தால் முதல் ஆளுக்குக் கொடுக்கிற முடித்ததற்கான மெடல்தான் உங்களுக்கும். 70.3-ல் பொதுவாக மொத்தம் எட்டரை மணி நேரம். நடுவிலும் கெடு இருக்கிறது: நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், சைக்கிள் முடியும்போது ஐந்தரை மணி நேரம். தாண்டினால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் அதன் நீச்சல் தூரமான 1.9 கி.மீ.யைக் குளத்தில் 55 நிமிடத்துக்குள் நீந்த வந்த பிறகு பணம் கட்டுங்கள். கட்டிய கட்டணத்தைத் திரும்ப வாங்குவது லேசில்லை.