ஏறாதவர்கள் எங்கே உட்காருவார்கள்?

கேள்வி: நானும் மனைவியும் மூன்று வருஷமாக உட்புறப் பாறையேற்றச் சுவரில் ஏறிவருகிறோம். வெளிப்பாறையில் நான் 6ஏ கிரேடு (கடினத்தின் அளவு; எண் கூடக்கூடக் கடினம்) வரை லீட் செய்திருக்கிறேன், அதாவது பாறையில் பதித்த போல்ட்களில் கயிற்றை மாட்டிக்கொண்டே முதல் ஆளாக ஏறியிருக்கிறேன், மனைவி 5பி வரை. எனக்கு 78 கிலோ, அவளுக்கு 52. மகளுக்கு 11 வயது, சுவரில் நன்றாக ஏறுவாள். மகனுக்கு 5. என் அம்மாவும் உடன் வருகிறார். பத்து நாள் இருக்கிறது, டிசம்பர் கடைசியிலோ மே மாதத்திலோ போகலாம். நண்பர்கள் "போனால் செயூஸ் போ, அதைவிட நல்ல பாறை கிடையாது" என்கிறார்கள். கலிம்னோஸ், ரைலே என்றும் யோசனை ஓடுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? பின்குறிப்பு: அம்மா தானும் ஒரு தடவை ஏறிப் பார்க்கவேண்டும் என்கிறார்.

பதில்: உங்கள் நண்பர்கள் பொய் சொல்லவில்லை. பிரெஞ்சு ஆல்ப்ஸில் காப் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள செயூஸ் அற்புதமான சுண்ணாம்புப் பாறை. 2001-இல் அமெரிக்கப் பாறையேற்ற வீரர் கிறிஸ் ஷர்மா 'பியோகிராஃபி' என்ற மிகக் கடினமான ரூட்டை, அதாவது ஏறும் பாதையை, ஏறி முடித்தது அங்கேதான். ஆனால் கீழே முகாமிலிருந்து பாறைக்கு ஒரு மணி நேரம் மேட்டில் நடக்க வேண்டும். ஐந்து வயதுப் பையனோடு அதை இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கடைசி அரை மணி அவன் உங்கள் தோளில்தான் இருப்பான். போய்ச் சேர்ந்தால் போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் இடைவெளி அதிகம், 6ஏ-வில் லீட் செய்பவருக்கு அங்கே வேலை குறைவு. டிசம்பரில் பனி வேறு. இந்தப் பயணத்துக்கு அதை மறந்துவிடுங்கள். பையனுக்குப் பதினைந்து வயதாகட்டும், அவனே உங்களை இழுத்துக்கொண்டு போவான்.

குடும்பத்தோடு போகும்போது நான் பாறையைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது பாறையின் காலடியில் இருக்கும் தரையை. ஒரு நாளில் நீங்கள் சுவரில் தொங்கப்போவது அதிகபட்சம் ஒன்றரை மணி நேரம். உங்கள் மகனும் அம்மாவும் அந்தத் தரையில் ஐந்தாறு மணி நேரம் இருக்கப்போகிறார்கள். அது சமதளமா, சரிவா, பள்ளத்தின் விளிம்பா? நிழல் உண்டா? மேலே யாராவது ஏறிக்கொண்டிருந்தால் கல் வந்து விழாத தூரத்தில் உட்கார இடம் உண்டா?

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. அந்த இடத்தைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் படங்களில் ஏறுபவரைப் பார்க்காதீர்கள், கீழே பிலே கொடுப்பவரின் (ஏறுபவர் விழாமல் கயிற்றைப் பிடித்துக் காப்பவரின்) காலைப் பாருங்கள். செருப்போடு சும்மா நிற்கிறாரா? நல்லது. ஒரு காலை மேலே, ஒரு காலைக் கீழே வைத்து நிற்கிறாரா? அங்கே குழந்தையை விட முடியாது. அவரே ஒரு போல்ட்டில் தன்னைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்றால் அடுத்த இடத்தைப் பாருங்கள். பல வழிகாட்டி நூல்கள் குழந்தைகளுக்கு ஏற்ற செக்டார்களை, அதாவது பாறைப் பகுதிகளை, தனிக் குறி போட்டுக் காட்டுகின்றன. அந்தக் குறியையும் நம்பலாம், ஆனால் படத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இன்னொரு கணக்கையும் பலர் போடுவதில்லை. நீங்கள் லீட் போகிறீர்கள், மனைவி பிலே. ஆக இரண்டு பெரியவர்கள் கயிற்றில் மாட்டியாயிற்று. அந்த இருபது நிமிஷம் மனைவியின் கண் உங்கள்மேல்தான் இருக்கவேண்டும், மகன் பல்லியைத் துரத்திக்கொண்டு எங்கே போகிறான் என்று அவர் திரும்பிப் பார்க்கக்கூடாது. அம்மா இருக்கிறார் என்பீர்கள். சரி, ஆனால் அவருக்கும் இது விடுமுறைதானே? பத்து நாளும் பேரனுக்குக் காவல் என்று அழைத்துப் போகாதீர்கள். ஏறும் பழக்கமுள்ள இன்னொரு குடும்பம் கூட வந்தால் எல்லாமே இலகுவாகிவிடும். இல்லையென்றால் இரண்டு நாளாவது உள்ளூர்ப் பயிற்சியாளரை அமர்த்திக்கொள்ளுங்கள். அவர் கயிறு போட்டுவிடுவார், ஏற்ற ரூட்டையும் சொல்வார், உங்களுக்குக் கை ஓய்வாக இருக்கும்.

கிரேடு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் 6ஏ ஏறுபவர் என்பதால் 6ஏ நிறைந்த இடம் வேண்டும் என்று நினைக்கலாம். உங்களுக்கு வேண்டியது 4-க்கும் 5சி-க்கும் இடைப்பட்ட ரூட்கள் பக்கம் பக்கமாக இருக்கும் இடம். நாள் முழுக்க மற்றவர்களுக்காக மேலே போய் டாப் ரோப் (உச்சியில் மாட்டித் தொங்கவிடும் காப்புக் கயிறு) போடப்போவது நீங்கள்தான். அதைக் கை நடுங்காமல், கீழே மகனோடு பேசிக்கொண்டே செய்ய முடியவேண்டும். மகள் சுவரில் 6ஏ ஏறினாலும் வெளியே 4சி-யில் திணறுவாள், அது சகஜம். சுவரில் பிடிகள் கலர் கலராகக் கண்ணில் படும், பாறையில் அவற்றைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அதிலும் பழைய, பேர்போன பாறைகளில் சுலபமான ரூட்கள்தான் ஆயிரக்கணக்கான கால்கள் பட்டு கண்ணாடிபோல் வழுக்கும்.

ரூட்டின் உயரமும் முக்கியம். குழந்தைகளுக்குப் பன்னிரண்டு, பதினைந்து மீட்டர் போதும். முப்பது மீட்டர் ரூட்டின் உச்சியில் ஒரு குழந்தை பயந்து உறைந்துவிட்டால் நீங்கள் கீழிருந்து சொல்லும் ஆறுதல் அவள் காதில் விழாது, காற்றுதான் கேட்கும். இதைச் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். என் அண்ணன் மகள் இருபத்தைந்தாவது மீட்டரில், ரூட் முடியும் இடத்தில் கயிறு மாட்டும் ஆங்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். கத்திக் கத்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் பக்கத்து ரூட்டில் நானே ஏறிப்போய்க் கையைப் பிடித்து இறக்கினேன்.

இப்போது இடங்கள்.

டிசம்பர் என்றால் ரைலே. தாய்லாந்தின் கிராபிப் பகுதியில் உள்ள சிறு தீபகற்பம், படகில்தான் போக முடியும். கார் கிடையாது, ஆகவே பையனைச் சற்றுத் தளர்வாக விடலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழை குறைவு. கிழக்கு ரைலேயில் '1-2-3' என்ற சுவர் தங்குமிடங்களுக்கு மிக அருகில் இருக்கிறது, சுலபமான ரூட்கள் உண்டு. அதனாலேயே புதியவர்களைக் கூட்டி வரும் குழுக்களும் அங்கேதான் வந்து குவியும், காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். பயிற்சிப் பள்ளிகள் உண்டு. மணலும் கடலும் பக்கத்திலேயே இருப்பதால் அம்மாவுக்கும் பேரனுக்கும் பொழுது போகும்.

குறைகளும் உண்டு. வெயிலும் புழுக்கமும் கடுமை, நிழல் எந்தச் சுவரில் எப்போது விழுகிறது என்று பார்த்துத்தான் ஏறவேண்டும். குரங்குகள் பையைத் திறக்கும். நீர் வற்றிய நேரத்தில் படகு கரைக்கு வராது, முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்கவேண்டி வரலாம், அம்மாவின் முழங்கால் எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது போல்ட். கடலோரச் சுண்ணாம்புப் பாறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்கூட உள்ளுக்குள் அரித்து, வெளியே பளபளவென்று இருக்கும்போதே உடைந்ததுண்டு. அதனால் அங்கே டைட்டானியம் போல்ட்களைப் பசை வைத்துப் பதித்து மாற்றிவருகிறார்கள். எந்த ரூட் மாற்றப்பட்டது என்று உள்ளூர் ஏறுபவர்களிடம் கேட்காமல் கயிறு மாட்டாதீர்கள்.

டிசம்பருக்குத் துருக்கியில் அன்டால்யா பக்கத்து கெயிக்பாயிரியையும் சிலர் சொல்வார்கள். முகாமிலிருந்து சில நிமிஷ நடையில் பாறை, அது பெரிய வசதி. ஆனால் டிசம்பரும் ஜனவரியும் அங்கே மழை மிகுந்த மாதங்கள். மழையில் நனையாமல் இருப்பவை வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கும் சுவர்கள், அவை உங்கள் குடும்பத்துக்குக் கடினம். அக்டோபரில் போக வாய்த்தால் யோசியுங்கள்.

மே என்றால் கலிம்னோஸ், எனக்கு இதில் தயக்கமே இல்லை. கிரேக்கத் தீவு. விமானத்தில் கோஸ் தீவு வரை போய் அங்கிருந்து சிறு படகுப் பயணம். 3,000-க்கும் மேற்பட்ட ரூட்கள், கிரேடுகள் கொஞ்சம் தாராளம் (ரூட் அதன் எண்ணைவிடச் சுலபமாக இருக்கும்), உங்களுக்கே தன்னம்பிக்கை ஏறும். மசூரி ஊருக்கு மேலே உள்ள முக்கியமான பாறைகள் பெரும்பாலும் மேற்கு பார்த்தவை, மதியம் வரை நிழல். காலையில் ஏறிவிட்டு, வெயில் வரும்போது கடலுக்கு இறங்கிவிடலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கென்றே அமைந்த நேரக் கணக்கு.

அங்கே ஒரே பிரச்சினை தரை. சாலையிலிருந்து கால் மணி, அரை மணி கல் சரிவில் ஏறவேண்டும், பல சுவர்களின் காலடியும் சரிவு. அதனால் பேர்பெற்ற 'கிராண்டே கிரோட்டா' குகையை ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு, ஏறுவதற்குச் சமதளமுள்ள சிறு செக்டார்களைத் தேர்ந்தெடுங்கள். ஆடுகள் வேறு சரிவுக்கு மேலே திரிந்துகொண்டு கல்லைத் தட்டிவிடும். நாங்கள் பை வைத்திருந்த இடத்தில் ஒருமுறை தேங்காய் அளவு கல் வந்து விழுந்தது, மேலே மணிச் சத்தம் கேட்டது, ஆடு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏறாமல் கீழே உட்கார்ந்திருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

மே மாதத்துக்கு இத்தாலியின் ஆர்கோவும் நல்ல மாற்று. கார்டா ஏரி பக்கம், 1987-இலிருந்து 'ராக் மாஸ்டர்' போட்டி நடக்கும் ஊர், ஏறாத நாளில் செய்ய வேலை நிறைய. ஆனால் அங்கே மசோனே போன்ற பழைய பாறைகள் வழுக்கும். ஜெர்மனியின் ஃபிராங்கன்யூராவில் காட்டு நிழல், குட்டையான ரூட்கள், குழந்தைகளுக்கு விளையாட்டு மைதானம்போல இருக்கும். ஆனால் முதல் போல்ட் பல இடங்களில் உயரத்தில் இருக்கும், அதை எட்டும்வரை உங்களுக்குக் கயிற்றின் துணை இல்லை. நீளக் கோலில் கயிற்றை மாட்டிவிடும் பழக்கம் இருந்தால் மட்டும் போங்கள்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய இரண்டு எண்கள்தான் என்னை உறுத்தின. 78, 52. நீங்கள் லீடில் விழுந்தால் மனைவி மேலே பறப்பார், முதல் குயிக்டிராவில் (போல்ட்டையும் கயிற்றையும் இணைக்கும் கொக்கியில்) கையோ தலையோ இடிக்கும், நீங்களும் நினைத்ததைவிடக் கீழே வருவீர்கள். உட்புறச் சுவரில் மெத்தை இருந்தது, இங்கே கல். முதல் போல்ட்டில் மாட்டி உராய்வைக் கூட்டும் கருவிகள் இதற்கென்றே விற்கின்றன, ஒன்று வாங்கி, ஊரிலேயே பழகிவிட்டுப் போங்கள். அவர் பாறையை ஒட்டி நிற்கட்டும். மகளை உங்களுக்கு லீட் பிலே கொடுக்க விடவே வேண்டாம்.

மகனுக்கு இடுப்பு ஹார்னஸ் (கயிறு கட்டும் பெல்ட்) போதாது. அந்த வயதில் இடுப்பெலும்பு பெல்ட்டைத் தாங்கிப் பிடிக்காது, தலைகீழானால் நழுவிவிடலாம். மார்பையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ் வாங்குங்கள். 40 கிலோ வரை உள்ளவர்களுக்கான முழு உடல் ஹார்னஸ் இஎன் 12277 தரத்தில் 'பி' வகை. கயிறு 70 மீட்டராவது இருக்கட்டும், ஏறுபவர் கட்டிக்கொள்ளாத மறுமுனையில் முடிச்சு எப்போதும் இருக்கட்டும். இறக்கும்போது கயிறு தீர்ந்து முனை பிலே கருவி வழியே நழுவிப்போய் நடந்த விபத்துகள் ஏராளம். பயணக் காப்பீட்டில் கயிற்றுப் பாறையேற்றம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், சேர்க்காத திட்டங்கள் நிறைய உண்டு.

பத்து நாளில் ஐந்து நாள் ஏறினால் போதும். குழந்தைகளின் விரல் தோல் இரண்டு நாளில் சிவந்துவிடும், மூன்றாம் நாள் கடலுக்குப் போங்கள்.

இனி உங்கள் அம்மா. ஏறட்டும், ஏன் கூடாது? எலும்புத் தேய்மானமோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாளே வேண்டாம். இரண்டு மூன்று நாள் பேத்தி ஏறுவதைக் கீழிருந்து பார்க்கட்டும். பிறகு நிமிர்ந்து நிற்காமல் உள்பக்கம் சாய்ந்த, 4-க்கு மேல் போகாத ஒரு ரூட்டில் டாப் ரோப் போடுங்கள். இரண்டு மீட்டர் ஏறியதும் நிறுத்தி, கையை விட்டுக் கயிற்றில் உட்காரச் சொல்லுங்கள். வயதானவர்கள் ஏறப் பயப்படுவதில்லை, கையை விடத்தான் பயப்படுகிறார்கள். அங்கேயே இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து, கீழே இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். அப்புறம் எவ்வளவு தூரம் என்பதை அவரே சொல்வார்.