அபத்த நகைச்சுவையும் அழகுசாதன விளம்பரமும்

அன்புள்ள ஐயா,

அழகுசாதனப் பொருளை நம்பிக்கை இல்லாமல் எவரும் தம் உடலில் பூசிக்கொள்வதில்லை. அதை அபத்த நகைச்சுவையால் விளம்பரப்படுத்துவது வாங்குபவரை அவமதிப்பதாகாதா? பொருளும் சேர்ந்து கேலிக்குரியதாகிவிடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஐயம் நியாயமானது. சிரிப்பு மட்டும் நினைவில் தங்கி, பொருளின் பெயரே மறந்துபோன விளம்பரங்கள் ஏராளம். ஆயினும் அபத்தம் பொருளை இழிவுபடுத்தியே தீரும் என்று நான் கருதவில்லை. அமெரிக்காவில் 2010-இல் வெளிவந்த ஓல்ட் ஸ்பைஸ் பாடி வாஷ் விளம்பரம் என் எண்ணத்துக்குச் சான்று.

1930களில் பிறந்த அந்தப் பெயர், இளைஞர்களுக்குத் தாத்தாக்களின் வாசனையாகவே தோன்றிவந்தது. விளம்பரத்தில், குளியலறையில் துண்டோடு நிற்கும் நடிகர் இசையா முஸ்தஃபா பெண்களை நோக்கிப் பேசுகிறார். அரை நிமிடத்துக்குள் குளியலறை படகாகிறது. கையிலுள்ள சிப்பியில் நுழைவுச்சீட்டுகள் தோன்றி வைரங்களாகின்றன. முடிவில் அவர் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். எதற்கும் விளக்கமில்லை.

இத்தனை அபத்தத்துக்கும் அடியில் மெய்யான ஓர் அவதானிப்பு இருக்கிறது. ஆண்களுக்கான பாடி வாஷைப் பல வீடுகளில் பெண்களே வாங்குகிறார்கள். ஆண்களோ வீட்டில் இருக்கும் பெண்களுக்கான திரவத்தையே பயன்படுத்திவிடுகிறார்கள். ஆகவே, உங்கள் கணவர் நானாக முடியாது, ஆனால் என்னைப் போல மணக்கலாம் என்கிறார் அவர். விளம்பரம் உண்மையில் அளிக்கும் வாக்குறுதி அந்த மணம் ஒன்றுதான். பூசினால் வேலை கிடைக்கும், திருமணம் கைகூடும் என்று உருக்கமாகச் சொல்லும் முகப்பூச்சு விளம்பரத்தை நாம் நம்பிவிடக்கூடும் என்பதால் அதுவே எனக்குப் பெரிய அவமதிப்பாகப் படுகிறது. வைரம் கொட்டும் சிப்பியை நம்பி ஏமாந்தவர் எவருமில்லை.

செய்நேர்த்தியையும் சொல்லியாக வேண்டும். கணினி வித்தையை மிகக் குறைவாகவே நாடி, அரங்கப் பொறிகளைக் கொண்டு ஒரே ஓட்டமாகப் படமாக்கினார்கள். நடிகர் ஒருகணமும் தன் கம்பீரம் குலையாமல் பேசுகிறார். அவர் தாமே சிரித்திருந்தால் அனைத்தும் சரிந்திருக்கும். அவ்வாண்டு கான் விளம்பர விழாவில் திரைப்பிரிவின் உயரிய பரிசு இதற்குக் கிடைத்தது. ஜூலையில் பொதுமக்களின் கேள்விகளுக்கு அதே பாத்திரம் 180-க்கும் மேற்பட்ட காணொளிகளில் பதிலளித்தபோதும் அந்தத் தொனி மாறவில்லை.

ஆனால் முகப்பருத் தழும்பு, முடி உதிர்வு போன்றவற்றுக்கான பொருள்களில் உங்கள் பக்கமே நிற்பேன். அவற்றை வாங்குபவர் ஏற்கெனவே பிறர் சிரிப்புக்கு அஞ்சுபவராக இருக்கலாம். அவரிடம் பொருளில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு காலம் பயன்படுத்த வேண்டும் என்று நேராகச் சொல்வதே முறை.