கிளப்பில் புலி… நாட்டுக்கு ஆடும்போது?

ரக்பி பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சொல்லிவைத்தாற்போல ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: கிளப் ஃபார்மைப் பார்த்து நாட்டு அணியைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா? எனவே இந்த இதழில் அது மட்டும்தான். ஸ்க்ரம் விதிகள் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லென்ஸ்டர் கிளப் ஐரோப்பியக் கோப்பையின் இறுதிப் போட்டிக்கு அடிக்கடி போகிறது. அயர்லாந்து அணியில் பாதிப் பேர் அங்கிருந்துதான் வருகிறார்கள். ஆனாலும் உலகக் கோப்பையில் அயர்லாந்து காலிறுதியைத் தாண்டியதே இல்லையே, ஏன்? (ஒரு வாசகர், கோவை)

நான் வேலை செய்யும் டப்ளின் ஆஸ்பத்திரி லேபில் லிமெரிக் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். லென்ஸ்டரின் பரம எதிரியான மன்ஸ்டர் கிளப்பின் பக்தர். அயர்லாந்து தோற்ற மறுநாள் காலை, கோட்டைக்கூடக் கழற்றாமல், "அது அயர்லாந்தா? பச்சைச் சட்டை போட்ட லென்ஸ்டர்!" என்பார். ஜெயித்த மறுநாள் அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்.

லென்ஸ்டர் ஐரோப்பியக் கோப்பையை வென்றது 2009, 2011, 2012, 2018 ஆகிய ஆண்டுகளில். இதில் 2009-லும் 2018-லும் ஆறு ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் சிக்ஸ் நேஷன்ஸில் அயர்லாந்து கிராண்ட் ஸ்லாமும் அடித்தது, அதாவது எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தது. இந்த இரண்டை மட்டும் பார்த்தால் கணக்கு சுலபம்: கிளப் உயர நாடும் உயரும். மற்ற இரண்டு ஆண்டுகளைப் பாருங்கள், கணக்கு அப்படியே தலைகீழாகும்.

2011 மே மாதம், கார்டிஃப். நார்தாம்ப்டனுக்கு எதிரான இறுதிப் போட்டியில் பாதி நேரத்தில் லென்ஸ்டர் 6-22 பின்தங்கியிருந்தது. முடிந்தபோது 33-22. இரண்டாம் பாதியில் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. இப்படி ஒரு அணி இருக்கும்போது உலகக் கோப்பையில் என்ன ஆகும்? அக்டோபரில் வெலிங்டனில் நடந்த காலிறுதியில் வேல்ஸ் 22-10 என்று அயர்லாந்தை வீட்டுக்கு அனுப்பியது. வேல்ஸின் எந்த கிளப்பும் இன்றுவரை அந்த ஐரோப்பியக் கோப்பையைத் தொட்டதில்லை என்பதைக் கவனியுங்கள். 1996-ல் கார்டிஃப் இறுதிவரை போய்த் துலூஸிடம் தோற்றதோடு சரி.

அடுத்த வருடம் இன்னும் வேடிக்கை. பிப்ரவரியில் டப்ளினுக்கு வந்த வேல்ஸ், கடைசி நிமிடத்தில் லீ ஹாஃப்பென்னி அடித்த பெனால்டியால் 23-21 என்று ஜெயித்தது. அந்த ஆண்டு கிராண்ட் ஸ்லாமும் அவர்களுக்கே. மே மாதம் ட்விக்கன்ஹாமில் ஐரோப்பியக் கோப்பை இறுதி நடந்தபோது ஆடியவை இரண்டுமே அயர்லாந்து அணிகள்: லென்ஸ்டர் 42, அல்ஸ்டர் 14!

வேல்ஸுக்கு எங்கிருந்து வந்தது இந்த வலு? அப்போதைய பயிற்சியாளர் வாரன் கேட்லண்ட் 2011 கோடையில் தன் ஆட்களைப் போலந்தின் ஸ்பாலா என்ற ஊருக்கு அழைத்துப்போய், மைனஸ் நூறு டிகிரிக்கும் கீழே உள்ள குளிர் அறைக்குள் அரைக்கால் சட்டையோடு நிற்க வைத்தார். உடம்பு சீக்கிரம் தேறினால் அன்றைக்கே மறுபடியும் பயிற்சிக்கு இறக்கலாம் என்பது கணக்கு. குளிர் அறைக்கு எவ்வளவு பலன் என்று டாக்டர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். பல வாரங்கள் ஆட்கள் முழுக்க முழுக்க அவர் கையில் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். கிளப் மேலாளர் யாரும் சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஆள் கேட்டு நிற்கவில்லை.

இன்னொரு விஷயம், லீக் அட்டவணை பார்ப்பவர்கள் பலர் கோட்டை விடுவது. சிக்ஸ் நேஷன்ஸ் நடக்கும் பிப்ரவரி, மார்ச் வாரங்களிலும் கிளப் லீக் ஆட்டங்கள் வரும். லென்ஸ்டரின் பெரிய தலைகள் அப்போது நாட்டு முகாமில் இருப்பார்கள். கிளப்புக்கு ஆடுவது இரண்டாம் வரிசைப் பையன்கள். அவர்கள் ஜெயித்துப் புள்ளி சேர்ப்பார்கள். அப்புறம் ஏப்ரலில் அட்டவணையைப் பார்த்து "லென்ஸ்டர் என்ன ஃபார்ம்!" என்கிறோம். அதில் ஒரு பகுதி நாட்டு அணியில் இல்லாதவர்களின் ஃபார்ம். அகாடமி நன்றாக நடக்கிறது என்று அதிலிருந்து தெரியும். உலகக் கோப்பைக் காலிறுதியில் என்ன நடக்கும் என்று தெரியாது.

அந்தக் காலிறுதி வரை எட்டு முறை போய் எட்டு முறையும் தோற்றிருக்கிறது அயர்லாந்து. கடைசியாக 2023, பாரிஸ். வரிசையாகப் பதினேழு வெற்றிகளோடு வந்த அணி. நியூசிலாந்து 28-24 முன்னிலை. கடைசிக் கட்டத்தில் அயர்லாந்தின் ரோனன் கெலஹர் பந்தோடு கோட்டைத் தாண்டிச் சரிந்தார். நியூசிலாந்தின் ஜோர்டி பாரெட் அடியில் புகுந்து, பந்து தரையைத் தொடாமல் பிடித்துக்கொண்டார். ஒரு சாண் இறங்கியிருந்தால் ட்ரை (கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது). பிறகு 37 கட்டங்கள், அதாவது 37 முறை பந்தை விடாமல் மோதி மோதி முன்னேறப் பார்த்தார்கள். கடைசியில் நியூசிலாந்தின் சாம் வைட்லாக் அதைப் பிடுங்கினார். அயர்லாந்து கேப்டன் ஜானி செக்ஸ்டனின் கடைசி ஆட்டம் அது. அந்த ஒரு சாணுக்கும் லென்ஸ்டர் அந்த வருடம் லீக்கில் சேர்த்த புள்ளிகளுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்கள்?

கேள்வி: எங்கள் கண்டி கிளப் லீக்கை அள்ளிக்கொண்டு போகிற காலம் எத்தனை! இலங்கை அணி மட்டும் ஏன் ஆசியாவைத் தாண்ட முடியவில்லை? (ஒரு வாசகர், கண்டி)

நித்தவெல மைதானத்துக் கூட்டத்தில் ஒருவர் இப்படிக் கேட்டால் கோபப்பட முடியாது. ரோயல், டிரினிட்டி கல்லூரிகளின் பிராட்பி கேடயத்துக்கு 1945-லிருந்து திரளும் கூட்டத்தைப் பார்த்தால், ரக்பிக்கு உங்கள் ஊரில் ஆள் பஞ்சமும் இல்லை, ஆசைக்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் ஒரே கிளப் வருடக்கணக்காக ஜெயிக்கிறது என்றால் அந்த கிளப் பலமானது என்று மட்டுமல்ல, எதிரில் நிற்பவர்கள் போதவில்லை என்றும் அர்த்தம். வாராவாரம் நெருக்கடி இல்லாமல் ஜெயிக்கிறவனுக்கு, நெருக்கடியில் என்ன செய்வது என்று பழக வாய்ப்பே கிடைப்பதில்லை.

நேர் எதிர் உதாரணம் ஜப்பான். பல நாட்டு அணிகள் மோதும் சூப்பர் ரக்பி லீக்கில் ஆடிய அவர்களுடைய சன்வுல்வ்ஸ் அணி 2019-ல் கடைசி இடம். அதே ஆண்டு செப்டம்பரில் ஷிசுவோக்காவில் ஜப்பான் அயர்லாந்தை 19-12 என்று தோற்கடித்தது, பிறகு ஸ்காட்லாந்தை 28-21 என்று தோற்கடித்துக் காலிறுதிக்குப் போனது. பயிற்சியாளர் ஜேமி ஜோசஃப் அந்த சீசனில் தன் முக்கிய ஆட்களில் பலரை சன்வுல்வ்ஸில் அதிகம் ஆடவிடாமல் முகாமில் வைத்துக்கொண்டார். கிளப் அடி வாங்கியது, நாடு தேறியது. வலுவான லீக்கில் அடி வாங்கிய அனுபவம் மற்றவர்களுக்கும் வீண் போகவில்லை.

கேள்வி: அப்படியானால் நாட்டு அணியையே ஒரு கிளப் ஆக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? (ஒரு பொறியியல் மாணவி, திருச்சி)

கெட்டிக்காரக் கேள்வி. அர்ஜென்டினா இதைச் செய்தே பார்த்துவிட்டது.

2016-ல் ஜாகுவாரெஸ் என்ற அணியை சூப்பர் ரக்பியில் இறக்கினார்கள். நாட்டு அணிக்கு ஆடுபவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் அதில். ஒன்றாகப் பயிற்சி, ஒன்றாகப் பயணம், வருடம் முழுக்க. 2019-ல் பலன் கிடைத்தது: அரையிறுதியில் பிரம்பீஸை 39-7 என்று துவம்சம் செய்துவிட்டு இறுதிக்குப் போனார்கள். கிரைஸ்ட்சர்ச்சில் க்ரூஸேடர்ஸிடம் 3-19 என்று தோற்றாலும், முதல்முறையாக இறுதி வரை போனதே பெரிய விஷயம். அது ஜூலை. இரண்டரை மாதம் கழித்து உலகக் கோப்பை. பிரான்ஸிடம் 21-23, இங்கிலாந்திடம் 10-39. முதல் சுற்றோடு மூட்டை கட்டினார்கள்.

பிரான்ஸ் ஆட்டத்தின் கடைசியில் எமிலியானோ போஃபெல்லி வெகு தூரத்திலிருந்து உதைத்த பெனால்டி உள்ளே போயிருந்தால் இந்தப் பத்தியை வேறு மாதிரி எழுதியிருப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதே அர்ஜென்டினா 2007-ல் மூன்றாம் இடம் பிடித்தபோது ஆட்கள் பிரான்ஸ், இங்கிலாந்து கிளப்புகளில் சிதறிக் கிடந்தார்கள். ஜாகுவாரெஸ் மூடப்பட்டு மறுபடி சிதறிய பிறகு, 2023-ல் அரையிறுதிக்குப் போனார்கள். ஒன்றாக இருப்பதில் பழக்கம் வரும். ஆனால் ஒரே களைப்பு, ஒரே பழக்க தோஷம், ஒரே பயண அலுப்பு எல்லோருக்கும் சேர்ந்தே வரும். துலூஸிலோ லெஸ்டரிலோ இடத்துக்காக நிதம் போட்டி போடுபவனுக்கு உள்ள உறுதி வேறு.

கேள்வி: பணக்கார கிளப்புகள் பிரான்ஸில்தானே? அது அவர்கள் நாட்டு அணிக்கு லாபமா நஷ்டமா? (ஒரு வாசகர், பாரிஸ்)

நீண்ட நாள் நஷ்டம். 2013-ல் ஐரோப்பியக் கோப்பை இறுதியில் மோதிய துலோன், கிளெர்மோன் இரண்டுமே பிரெஞ்சு அணிகள். அதே வருடம் சிக்ஸ் நேஷன்ஸில் பிரான்ஸ் கடைசி. துலோன் அந்தக் கோப்பையை 2013, 2014, 2015 என்று மூன்று முறை தொடர்ந்து தூக்கியது. ஜானி வில்கின்சன் இங்கிலாந்துக்காரர், மாட் கிட்டோ ஆஸ்திரேலியர், பாக்கிஸ் போத்தா தென்னாப்பிரிக்கர். கோப்பை பிரான்ஸில், ஆட்கள் உலகம் முழுவதிலுமிருந்து. 2015 உலகக் கோப்பைக் காலிறுதியில் நியூசிலாந்து பிரான்ஸை 62-13 என்று சாத்தியது.

உள்நாட்டில் பயிற்சி பெற்றவர்கள் கிளப் அணியில் இத்தனை பேர் இருந்தே ஆக வேண்டும் என்ற விதியைப் படிப்படியாக இறுக்கினார்கள். 2018, 2019 இரண்டிலும் இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம் வந்தது. 2022-ல் கிராண்ட் ஸ்லாம்.

கேள்வி: ஐபிஎல் மாதிரி என்று எடுத்துக்கொள்ளலாமா? (ஒரு வாசகர், சென்னை)

எடுத்துக்கொள்ளலாம். இந்தியா டி20 உலகக் கோப்பையை வென்றது 2007-ல். ஐபிஎல் தொடங்கியது 2008-ல். அடுத்த டி20 உலகக் கோப்பை கிடைத்தது 2024-ல்.

கேள்வி: கிளப்பில் யார் ஃபார்மில் இருக்கிறாரோ அவரை நாட்டு அணியில் எடுப்பதுதானே நியாயம்? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

நியாயம்தான். டானி சிப்ரியானியிடம் கேட்டால் உங்களைக் கட்டிப்பிடித்துக்கொள்வார். 2018-19 சீசனில் இங்கிலாந்து லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் அவர், க்ளாஸ்டர் அணிக்கு ஆடினார். 2019 உலகக் கோப்பைக்கு அப்போதைய இங்கிலாந்துப் பயிற்சியாளர் எடி ஜோன்ஸ் அவரை எடுக்கவில்லை. இங்கிலாந்து இறுதி வரை போய்த் தென்னாப்பிரிக்காவிடம் 12-32 என்று தோற்றது. எடுக்காதது தப்பு என்றும் வாதாடலாம், சரி என்றும் வாதாடலாம். பப்களில் இன்னும் வாதாடுகிறார்கள்.

இன்னொரு பக்கம் ஹான்ட்ரே பொலார்ட். 2023-ல் கெண்டைக்கால் காயத்தால் மாதக்கணக்கில் ஆட்டமே இல்லை. தென்னாப்பிரிக்காவின் உலகக் கோப்பை முதல் பட்டியலில் பெயர் இல்லை. போட்டி நடக்கும்போது, முன்வரிசையில் முட்டித் தள்ளும் ஹூக்கர் மால்கம் மார்க்ஸுக்கு முழங்கால் போனது. ஹூக்கருக்குப் பதிலாக ஹூக்கரைத்தானே கூப்பிடுவார்கள்? பின்னால் நின்று ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை-ஹாஃபான பொலார்டைக் கூப்பிட்டார்கள். அரையிறுதியில், ஸ்டார்மர்ஸ் கிளப்பில் அந்த வருடம் ஜொலித்த மானி லிபாக்கை முதல் பாதி முடியும் முன்பே வெளியே எடுத்துவிட்டு இவரை இறக்கினார்கள். கடைசி நிமிடங்களில் ஒரு நீண்ட பெனால்டி: 16-15. இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்கா எடுத்த 12 புள்ளிகளும் அவர் காலிலிருந்து: 12-11.

எனக்கு இவரைவிடப் பிடித்தவர் நியூசிலாந்து ஃப்ளை-ஹாஃப் ஸ்டீஃபன் டொனால்ட். 2010-ல் ஹாங்காங்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் பந்தை வெளிக்கோட்டுக்கு அனுப்பத் தவறி, ஊரே திட்டித் தீர்த்த ஆள். 2011 உலகக் கோப்பை சொந்த நாட்டில் நடக்கும்போது அவர் வைகாட்டோ ஆற்றில் பொடிமீன் பிடித்துக்கொண்டிருந்தார். டான் கார்ட்டர் காயம், அடுத்தவர் ஸ்லேட் காயம், அழைப்பு வந்தது. இறுதிப் போட்டியில் மூன்றாமவரான க்ரூடனும் விழ, உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சின்னச் சட்டையோடு உள்ளே போனார். இரண்டாம் பாதி தொடங்கியதும் ஒரு பெனால்டி அடித்தார். முடிவு 8-7. ஃபார்மைப் பார்த்து எடுத்திருந்தால் அவர் நாலாவது ஆள்கூட இல்லை.

அதற்காகப் பயிற்சியாளர்கள் கிளப் ஆட்டத்தையே பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளப்பில் ட்ரை அடித்த எண்ணிக்கையை விட, சோர்ந்த எழுபதாவது நிமிடத்தில் ஒருவன் என்ன முடிவெடுக்கிறான் என்பதை அவர்கள் பார்க்கிறார்கள். நாம் ஹைலைட்ஸ் பார்க்கிறோம்.

கேள்வி: 2027-ல் ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை. எதைப் பார்த்து ஒரு அணியை மதிப்பிடுவது? (ஒரு வாசகர், சிங்கப்பூர்)

லீக் அட்டவணையை மூடி வையுங்கள். முதலில் ஒன்பதாம் எண்ணும் (ஸ்க்ரம்-ஹாஃப்) பத்தாம் எண்ணும் (ஃப்ளை-ஹாஃப்) ஒன்றாக எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பந்து வெளியே போனபின் நடக்கும் லைன்-அவுட்டில் பந்து எறியும் ஹூக்கரும் தாவிப் பிடிப்பவரும் ஒரே கிளப்பா என்று பாருங்கள். ஒவ்வொரு கிளப்புக்கும் தனிச் சங்கேதம் உண்டு, அதை ஒரு மாதத்தில் புதிதாக ஏற்றுவது கஷ்டம். இதில் மட்டும் லென்ஸ்டர்காரர்கள் நிறைந்த அணிக்கு உண்மையான லாபம் உண்டு. அப்புறம் முன்வரிசையில் ஹூக்கருக்குப் பக்கத்தில் முட்டும் ப்ராப்களில் மூன்றாவது ஆள் யார், மூன்றாவது ஃப்ளை-ஹாஃப் யார்? அந்தப் பெயரைக் கேட்டு உங்களுக்கு வயிற்றைக் கலக்கினால் அந்த அணிமேல் பணம் கட்டாதீர்கள். பயிற்சியாளர் கையில் ஆட்கள் எத்தனை வாரம் இருப்பார்கள் என்பதும் தெரிந்தால் நல்லது.

இந்தமுறை இருபத்து நான்கு அணிகள், ஹாங்காங் முதல்முறையாக வருகிறது. லிமெரிக்காரர் இப்போதே லீவுக்கு எழுதிப் போட்டுவிட்டார், காலிறுதி வாரம் வரைக்கும் மட்டும்.