ஆண் செவிலியருக்கு மதிப்பு இருக்குமா?

தம்பி பி.எஸ்சி. நர்சிங் சேர ஆசைப்படுகிறான், பெண்கள் நிறைந்த அந்த வேலையில் ஆணுக்கு மதிப்பு இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோரு ஆண்டுகளாக நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன்.

வார்டில் பெண் செவிலியர்கள் 'சிஸ்டர்', நான் 'பிரதர்'. புதிதாக வருபவர்கள் என்னை டாக்டர் என்று நினைப்பார்கள்; செவிலியர் என்றதும் சிலருக்கு முகம் மாறும். அது இரண்டு நாளில் சரியாகிவிடும். எனக்கு வலிப்பது வேறு. கனத்த நோயாளியைத் தூக்க வேண்டுமா, குடித்துவிட்டு வந்து கத்துபவரைப் பிடிக்க வேண்டுமா, உடனே "பிரதரைக் கூப்பிடு". நான்கு ஆண்டுகள் படித்தது இதற்காகவா?

மகப்பேறு பாடமும் தேர்வும் எங்களுக்கும் உண்டு. ஆனால் பயிற்சியின்போது ஆண் மாணவர்களைப் பிரசவ அறைத் திரைக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கர்ப்பிணி வேண்டாம் என்றால் விலகிவிட வேண்டும், அது அவர் உரிமை. அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் எங்களை விலக்கியது தவறு என்றே இன்றும் சொல்வேன்.

கூச்சம் ஆண் நோயாளிக்கும் உண்டு என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பக்கவாதத்தில் விழுந்த பெரியவர் ஒருவர், உடம்பு துடைக்க சிஸ்டர்கள் வந்தால் நல்ல கையால் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு நள்ளிரவில் அப்படித் திருப்பும்போது, "தம்பி, அந்தத் திரையை இழுத்துவிடு" என்றார் குழறலாக. தொடை இடுக்கில் தோல் வெந்து உரிந்திருந்தது. எத்தனை நாள் பொறுத்தாரோ! வெதுவெதுப்பான நீரில் துடைத்து, ஈரம் போக ஒற்றி, மருந்து தடவி முடிக்கும்வரை என் மணிக்கட்டை அவர் விடவில்லை.

சங்கப் பாடல்களில் தலைவியை வளர்ப்பவள் செவிலித்தாய். அந்தச் சொல்லின் வழியே வந்த பெயர் எனக்கும் இருப்பதில் பெருமைதான்.

வேலைவாய்ப்பைப் பற்றி ஒன்று: எய்ம்ஸ் மருத்துவமனைகளில் செவிலியர் அலுவலர் பணிக்குப் பெண்கள் 80, ஆண்கள் 20 விழுக்காடு என்று 2019இல் முடிவெடுத்தார்கள். அதனால் அங்கே ஆண்களுக்குப் போட்டி கடுமையானது. இப்போது நிலைமை என்ன என்று தெரிந்துகொண்டே தம்பி சேரட்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன், ஆண் மாணவர்களைப் பிரசவ வார்டுப் பயிற்சிக்கு உண்மையிலேயே அனுமதிக்கிறார்களா என்று அங்கே இறுதியாண்டு படிக்கும் பையன்களிடம் கேளுங்கள்.