கார் விபத்துக்குப் பின் எழும் சட்டக் கேள்விகள்: ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

விபத்து இழப்பீட்டு வழக்குகளைத் தொடர்ந்து நடத்தி வருபவன் என்ற முறையில், நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் நடந்த விபத்துகளைப் பற்றியே எல்லோரும் கேட்டிருப்பதால், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், அதில் 2019இல் செய்யப்பட்ட திருத்தங்கள், நமது தீர்ப்பாயங்களின் நடைமுறை ஆகியவற்றை ஒட்டியே என் பதில்கள் அமைந்துள்ளன. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இழப்பீட்டு வழக்கில் ஒரு குடும்பம் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் விபத்து நடந்த முதல் சில நாட்களில் மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் எழுதப்படும் காகிதங்களைப் பொறுத்தே அமைகிறது.

விழுப்புரத்திலிருந்து: ஐயா, இருசக்கர வாகனத்தில் சென்ற என் தந்தையின் மீது ஒரு கார் மோதியதில் அவருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. கார் உரிமையாளர் நல்ல மனிதராகத் தெரிகிறார். "போலீஸ் வேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் புகார் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். தொடை எலும்பு முறிவுக்கு ஒரு அறுவை சிகிச்சையோடு செலவு முடிந்துவிடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. உள்ளே வைத்த தகட்டை எடுக்க மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம், கால் சற்றுக் குட்டையாகிவிடலாம், உங்கள் தந்தை முன்பு செய்த வேலையைச் செய்ய இயலாமல் போகலாம். இரண்டு மாதங்கள் கழித்து அந்த உரிமையாளர் கையை விரித்தால், உங்களிடம் எந்த ஆவணமும் இருக்காது. அவருடைய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருந்தால் இழப்பீட்டைக் கொடுக்கப்போவது காப்பீட்டு நிறுவனம்தான் என்பதால், புகார் கொடுப்பது அவருக்குச் செய்யும் துரோகம் ஆகாது. இதை அவரிடமே எடுத்துச் சொல்லுங்கள்.

இன்றே பார்க்க வேண்டியது, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை. ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்கும்போது, காவல் நிலையத்திற்கு அலைய வேண்டுமே என்ற பயத்தில் உடன் வந்தவர்கள் "வண்டியிலிருந்து தானாக விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வரி பின்னால் வழக்கையே சாய்த்துவிடும். கார் மோதியது, முடிந்தால் அதன் பதிவு எண், விபத்து நடந்த இடம், நேரம் ஆகிய அனைத்தும் அந்தப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும்.

அதன் பிறகு காவல் நிலையத்தில் எழுத்து வடிவில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவைத்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். எலும்பு முறிந்த காயத்திற்கு முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும். காயச் சான்றிதழ், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, விபத்து இடத்தைப் பார்வையிட்டுக் காவல்துறை எழுதும் பார்வை மகஜர், வரைபடம், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை ரசீதுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வைத்திருங்கள். சிகிச்சைக்காகக் கார் உரிமையாளர் தரும் பணத்தை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால், "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எழுதிய தாளில் மட்டும் கையெழுத்திடாதீர்கள்.

ஓசூரிலிருந்து: விபத்து நடந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. வழக்குப் போடக் காலக்கெடு உண்டா? விபத்து நடந்தது கர்நாடகத்தில். நாங்கள் இருப்பது தமிழ்நாட்டில்.

பதில்: உண்டு, நீங்கள் உடனே வழக்கறிஞரைச் சந்திக்க வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள். 2019ஆம் ஆண்டின் திருத்தம், இழப்பீட்டு மனுவுக்கு விபத்து நாளிலிருந்து ஆறு மாதக் கெடு விதித்திருக்கிறது. இந்தப் பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்து வருகிறது. காலதாமதத்தை மட்டுமே காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யக்கூடாது என்று 2025 நவம்பரில் ஓர் இடைக்கால உத்தரவும் வந்தது. ஆனால் இடைக்கால உத்தரவை நம்பி நாட்களைக் கடத்துவது விவேகமான செயல் அல்ல. இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்லாமல், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலுள்ள தீர்ப்பாயத்திலும் மனுத் தாக்கல் செய்ய சட்டத்தின் 166ஆவது பிரிவு இடம் தருகிறது. உங்கள் மாவட்டத் தீர்ப்பாயத்திலேயே எம்.சி.ஓ.பி. எனப்படும் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்யலாம்.

திருமங்கலத்திலிருந்து: 34 வயதான என் அண்ணன் கார் மோதி இறந்துவிட்டார். வீடுகளுக்கு ஒயரிங் வேலை செய்துவந்தார். மாதம் ஏறத்தாழ 18,000 ரூபாய் வருமானம். அண்ணி, இரண்டு பிள்ளைகள், எங்கள் அம்மா என நால்வர் அவரை நம்பி இருந்தார்கள். இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவார்கள்?

பதில்: உங்கள் குடும்பத்தின் துயரத்தில் பங்குகொள்கிறேன். யாரேனும் ஒரு தொகையைச் சொல்லி "இதற்கு மேல் கிடைக்காது" என்று உங்களை நம்பவைக்க முயலக்கூடும் என்பதால், இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கத் தெரிந்திருப்பது அவசியம்.

2009இல் சரளா வர்மா வழக்கிலும், 2017இல் பிரணாய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைதான் நாடு முழுவதும் பின்பற்றப்படுகிறது. ஆண்டு வருமானம் 2,16,000 ரூபாய். சுயதொழில் செய்தவர், 40 வயதுக்குக் குறைந்தவர் என்பதால், எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 3,02,400 ரூபாய் ஆகிறது. நால்வர் சார்ந்திருந்ததால், அவர் தமக்கென்று செலவழித்திருக்கக்கூடியதாக நான்கில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். மீதி 2,26,800 ரூபாய். 31 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்குரிய பெருக்கு எண் 16. ஆகவே வருமான இழப்பு மட்டும் 36,28,800 ரூபாய். இதற்கு மேல் இறுதிச் சடங்குச் செலவாக 15,000, சொத்திழப்பாக 15,000, மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர் இழந்த உறவுக்காக ஆளுக்கு 40,000 என்று அடிப்படைத் தொகைகள் உண்டு. இவை 2017இல் நிர்ணயிக்கப்பட்டவை என்பதால், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 10 சதவீதம் உயர்த்தித் தர வேண்டும் என்று அந்தத் தீர்ப்பே கூறுகிறது.

இந்தக் கணக்கு முழுவதும் 18,000 ரூபாயை நிரூபிப்பதைச் சார்ந்திருக்கிறது. சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்குத் தீர்ப்பாயம் தானாக ஒரு வருமானத்தை அனுமானிக்கும். அது உண்மை வருமானத்தைவிடக் குறைவாக அமைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அண்ணனின் வங்கிக் கணக்கு, அலைபேசி வழியாக வந்த பணப் பரிமாற்றங்கள், மின்பொருள் கடைகளில் வாங்கிய ரசீதுகள், அவரை வேலைக்கு அழைத்த வீட்டுக்காரர்கள் ஓரிருவரின் சாட்சியம் ஆகியவற்றை இப்போதே திரட்டுங்கள். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: என் மனைவி வேலைக்குப் போகவில்லை. விபத்தில் இறந்த அவருக்கு "வருமானம் இல்லை" என்று காப்பீட்டு நிறுவனத்தின் தரப்பில் சொல்கிறார்கள்.

பதில்: அந்த வாதம் நிற்காது. வீட்டை நடத்தும் பெண்ணின் உழைப்புக்குப் பண மதிப்பு உண்டு என்றும், அதை வருமானமாக நிர்ணயித்து இழப்பீடு தர வேண்டும் என்றும் 2021இல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியிருக்கிறது. எதிர்கால உயர்வும் அவர்களுக்கு உண்டு. உங்கள் வழக்கறிஞர் இதை மனுவிலேயே குறிப்பிட வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து: இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் காரை விற்றுவிட்டேன். வாங்கியவர் ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றவில்லை. இப்போது அந்தக் கார் ஒருவர் மீது மோதியதாக எனக்குத் தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது.

பதில்: சம்மனை அலட்சியம் செய்யாதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. விற்றதற்கான ஒப்பந்தம் கையில் இருந்தாலும், பாதிக்கப்பட்டவரின் முன் நீங்கள்தான் பொறுப்பாளி. விபத்து நாளில் அந்தக் காருக்குக் காப்பீடு நடப்பில் இருந்ததா என்று உடனே விசாரியுங்கள். இருந்தால் நிறுவனம் பொறுப்பேற்கும். இல்லாவிட்டால் உங்கள் சொத்தின் மீது கைவைக்கும் நிலை வரலாம். வாங்கியவரையும் வழக்கில் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லி மனுச் செய்யுங்கள். காரை விற்கப்போகிறவர்கள், பணம் வாங்கிய அன்றே ஆர்.டி.ஓ. அலுவலகத்திற்குரிய படிவங்களை நீங்களே சமர்ப்பித்து முடியுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து: தம்பி தன் நண்பரின் காரை இரவல் வாங்கி ஓட்டிச் சென்று, புளிய மரத்தில் மோதி இறந்துவிட்டான். பின் இருக்கையில் இருந்தவருக்குப் பலத்த காயம். இருவருக்கும் இழப்பீடு கிடைக்குமா?

பதில்: இருவருக்கும் விடை வேறு. பின் இருக்கையில் இருந்தவரைப் பொறுத்தவரை, காருக்கு முழுக் காப்பீடு எடுக்கப்பட்டிருந்தால் அவருக்குக் கிடைக்கும். சட்டம் கட்டாயப்படுத்தும் குறைந்தபட்சக் காப்பீடு மட்டும், அதாவது ஆக்ட் பாலிசி மட்டும் இருந்தால், தனியார் காரில் பயணம் செய்பவர் அதில் அடங்கமாட்டார்; அப்போது கார் உரிமையாளரிடமிருந்தே பெற வேண்டியிருக்கும். காப்பீட்டுத் தொகையில் சிறிது மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

உங்கள் தம்பியின் விஷயத்தில் வேறு வாகனம் எதுவும் சம்பந்தப்படவில்லை. இரவல் வாங்கி ஓட்டியவரை உரிமையாளரின் இடத்தில் வைத்தே சட்டம் பார்க்கிறது. தன் கவனக்குறைவால் நேர்ந்த மரணத்திற்கு மூன்றாம் நபராக இழப்பீடு கோர முடியாது. பாலிசியில் தனிநபர் விபத்துக் காப்பீடு எந்த விதத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்சம் ரூபாய் என்பது கட்டாயப் பகுதி. இரவல் வாங்கி ஓட்டியவருக்கு அது பொருந்துமா என்பது பாலிசியின் வாசகத்தைப் பொறுத்தது.

செங்கல்பட்டிலிருந்து: ஜி.எஸ்.டி. சாலையில் அடிபட்டுக் கிடப்பவரை என் காரில் ஏற்றிச் சென்றால், போலீஸ் என்னையே சாட்சியாகவோ குற்றவாளியாகவோ ஆக்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாமல் ஏற்றிச் செல்லுங்கள். சட்டத்தின் 134ஏ பிரிவு உங்களைப் பாதுகாக்கிறது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சியாக வருவதும் உங்கள் விருப்பம். மருத்துவமனையும் காவல்துறை வரும்வரை காத்திருக்கக்கூடாது என்று 1989லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. 2025இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் பணமில்லா சிகிச்சை உண்டு. முன்பணம் கேட்டால் இந்தத் திட்டங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

தர்மபுரியிலிருந்து: மோதிய கார் நிற்காமல் போய்விட்டது. எண்ணை யாரும் பார்க்கவில்லை.

பதில்: வாகனம் கண்டுபிடிக்கப்படாவிட்டால், மரணத்திற்கு 2 லட்சமும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தின் கீழ் பெறலாம்; கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அதற்கு முன், சுங்கச் சாவடி, பெட்ரோல் பங்க், கடைகள் ஆகியவற்றின் கேமராப் பதிவுகளை எடுக்கும்படி காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். அவை சில நாட்களிலேயே அழிந்துவிடக்கூடும். வாகனம் கண்டுபிடிக்கப்பட்டால் கிடைக்கும் இழப்பீட்டோடு ஒப்பிட்டால் இந்தத் தொகை மிகச் சிறியது.

வேலூரிலிருந்து: என் மகன் ஓட்டிய கார் மோதி ஒருவர் இறந்துவிட்டார். அந்தக் குடும்பத்தோடு பேசிப் பணம் கொடுத்துவிட்டால் வழக்கு முடிந்துவிடுமா?

பதில்: முடியாது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்பது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின் கீழ் ஐந்து ஆண்டுகள் வரை தண்டனைக்குரிய குற்றம். அந்த வழக்கை அரசுதான் நடத்துகிறது. அது ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்பதால், தலைமறைவாகாமல் காவல் நிலையத்தில் ஆஜராவதே உங்கள் மகனுக்கு நல்லது. நீங்கள் மனமுவந்து அந்தக் குடும்பத்திற்கு உதவுவது வேறு. செய்ய வேண்டிய செயலும்கூட. காப்பீட்டு நிறுவனத்திற்கும் உடனே தகவல் கொடுங்கள்.

மதுரையிலிருந்து: என் கணவருக்கு அடிபட்டு மருத்துவமனையில் இருந்தபோதே ஒருவர் வந்து, "கையெழுத்துப் போடுங்கள், கிடைப்பதில் முப்பது சதவீதம் எங்களுக்கு" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஐயா. இப்போது மாற முடியுமா?

பதில்: முடியும், அம்மா. எனக்கு மிகுந்த வருத்தம் தரும் கேள்வி இது. இழப்பீட்டில் பங்கு பேசிக் கட்டணம் வாங்குவதை இந்திய பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. அந்த ஒப்பந்தத்தை வைத்து உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வக்காலத்தை மாற்றிக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். வெற்றுத் தாளிலோ காசோலையிலோ கையெழுத்திட்டிருந்தால் அதையும் அங்கே சொல்லிவிடுங்கள். லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், பேசி முடிக்க அழைத்தால், தொகையை மேலே நான் காட்டிய முறையில் கணக்கிட்டுப் பார்த்த பிறகே சம்மதியுங்கள். அங்கே எழுதப்படும் தீர்வுக்கு எதிராக மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பாயமே உத்தரவிட்டால், 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்ய வழி உண்டு.