கேளுங்க, சொல்றேன்: இந்த வாரம் தொட்டுப் பார்க்கும் அறிவியல்

கேள்வி: நாங்கள் சிலிம் ரிவர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஐந்து. பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூரில் பெட்ரோசைன்ஸ் அறிவியல் கூடத்துக்குப் போகலாம் என்றால், வீட்டுக்காரர் "எல்லாம் யூடியூப்ல இருக்கு, டிக்கெட் காசு தண்டம்" என்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற மாமியாரும் வருகிறேன் என்கிறார், அவருக்கு அங்கே என்ன புரியும்? போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்க தங்கச்சி. மாமியாரை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போயிடாதீங்க.

வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. விளக்கம் கேட்பதற்கு வீடியோ போதும், சில சமயம் அருங்காட்சியகத்தில் ஒட்டியிருக்கும் பலகையைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் வேகமாகச் சுழலும் சைக்கிள் சக்கரத்தின் அச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, சக்கரத்தை லேசாகச் சாய்த்தால் அது கையை முறுக்கும், நாற்காலி நம்மைக் கேட்காமலே திரும்பும். அந்த முறுக்கு போனில் வராது. இப்படித் தொட்டு, இழுத்து, தள்ளிப் பார்ப்பதற்கென்றே கட்டிய இடங்கள் இவை. பெட்ரோசைன்ஸ் 1999இல் திறந்தது, சூரியா கேஎல்சிசி பேரங்காடியின் நாலாவது மாடியில் இருக்கிறது. உள்ளே போகும்போதே எண்ணெய்த்துளி மாதிரி ஒரு சின்ன வண்டியில் உட்கார வைத்து இருட்டு வழியாகக் கூட்டிப் போவார்கள். பெரியவளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும், சின்னவன் அலறினாலும் அலறலாம், அதனால் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போக்குவரத்து சுலபம்தான். தஞ்சோங் மாலிம் வரை காரில் போய், அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல், அப்புறம் கிளானா ஜெயா எல்ஆர்டி பிடித்தால் கேஎல்சிசி வாசலிலேயே இறங்கலாம். திங்கட்கிழமைகளில் பொதுவாக மூடியிருப்பார்கள், பள்ளி விடுமுறையில் அது மாறும், அதனால் கிளம்புவதற்கு முன்னால் அவர்களுடைய பக்கத்தில் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். மலேசியர்களுக்குக் கட்டணம் குறைவு என்பதால் உங்கள் மைகார்டு, பிள்ளைகளின் மைகிட் என்று அடையாள அட்டைகள் இரண்டும் கையில் இருக்கட்டும். திறந்தவுடனே உள்ளே போயிடணும், மத்தியானத்துக்கு மேல் கூட்டம் வந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் வரிசையில் நின்றே பிள்ளைகள் சோர்ந்துவிடும். சாப்பாட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கஞ்சன், நாசி லெமாக் கட்டிக்கொண்டு போய் கீழே பூங்காவில் சாப்பிடச் சொல்வேன்.

இனி மாமியார். "என்ன புரியும்" என்று நீங்கள் எழுதியது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் இடத்துக்குப் போய், இருட்டிலேயே மர வரிசையான நிரையில் இறங்கியவர் அவர். ஏன் அந்த நேரத்தில் வெட்டினார்கள்? வெயில் ஏறினால் இலைகள் தண்ணீரை ஆவியாக விட ஆரம்பிக்கும், பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் இறங்கிவிடும், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சொட்டும் பால் குறைந்துவிடும். விடியற்காலையில் அந்த அழுத்தம் உச்சத்தில் இருக்கும். ஆசிட் ஊற்றினால் பால் ஏன் உறைகிறது, மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் ஏன் இழுத்தாலும் திரும்பச் சுருங்குகிறது, எல்லாம் அவர் கையால் பார்த்தது. பெட்ரோசைன்ஸ் முழுக்கப் பெட்ரோலியத்தின் கதை. அந்தப் பெட்ரோலியத்திலிருந்துதான் செயற்கை ரப்பர் வந்தது, பால்மரத்துக்குப் போட்டியாக. அப்படியும் விமான டயருக்கு இன்றைக்கும் பெரும்பாலும் மரத்து ரப்பர்தான், இறங்கும்போது வரும் சூட்டையும் அடியையும் அதுதான் நன்றாகத் தாங்குகிறது. இதை மகளிடம் சொல்லி, "பாட்டியிடம் கேள்" என்று விட்டுவிடுங்கள். அங்கே நிற்கும் வழிகாட்டிகளுக்கும் நல்ல பொழுதுபோகும்.

கேள்வி: அறிவியல் கண்காட்சியில் மின்சார உருண்டையைத் தொட்டால் எல்லோருக்கும் முடி நட்டுக்கொண்டு நின்றது, என் மகளுக்கு மட்டும் அசையவே இல்லை. அழுதுகொண்டே வந்தாள். அவளிடம் ஏதாவது குறையா?

பதில்: குறை தேங்காய் எண்ணெயில்! பின்னிய ஜடையும் தடவிய எண்ணெயும் இருந்தால் வான் டி கிராஃப் உருண்டையால் ஒன்றும் பண்ண முடியாது. உடம்பில் ஏறும் மின்னூட்டம் ஒவ்வொரு முடிக்கும் போகிறது, ஒரே வகை மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளுவதால் முடிகள் பிரிந்து எழும்புகின்றன. எண்ணெய் அவற்றைச் சேர்த்து ஒட்ட வைத்துவிடும். நம் ஊர்க் காற்றின் ஈரம் வேறு மின்னூட்டத்தைக் கசிய விடும், மழை நாளில் ஏர்கான் இல்லாத மண்டபம் என்றால் கேட்கவே வேண்டாம். அடுத்த முறை முந்தின நாள் ஷாம்பு போட்டு, நன்றாகக் காயவைத்து, ரிப்பன் இல்லாமல் கூட்டிப் போங்கள். மெல்லிய முடி என்றால் இன்னும் நன்றாக நிற்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்த தாத்தா பாட்டி யாராவது கூட வந்தால் அந்த உருண்டைப் பக்கம் விடவே விடாதீர்கள்.

கேள்வி: நான் லாரி ஓட்டுகிறேன், ஒரு நாள் லீவு போட்டுக் குடும்பத்தோடு போனால், பையன் காற்றில் மிதக்கும் பந்துக்கிட்டயே நின்றுவிட்டான். மற்றது எதையும் பார்க்கவில்லை. காசு போச்சே என்று கோபம் வருகிறது.

பதில்: கோபம் நியாயம்தான் அண்ணே, ஆனால் அந்தப் பந்து லேசுப்பட்டதில்லை. கீழிருந்து ஊதும் காற்று பந்தின் வளைவோடு ஒட்டி வளைந்து போகும். பந்து ஓரத்துக்கு நகர்ந்தால் காற்று ஒரு பக்கமாகத் திரும்பும், காற்றைத் திருப்பிய பந்தை அது எதிர்ப்பக்கம் தள்ளும், அதனால் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். குழாயைச் சாய்த்தாலும் ஓரளவு வரை பந்து விழாது. எவ்வளவு சாய்த்தால் விழும் என்று உங்கள் பையன் தேடிக்கொண்டு நின்றிருப்பான். ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற தொட்டுப் பார்க்கும் அறிவியல் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். அணுகுண்டை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தை நடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி அவர், நடுவில் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவர். பிடித்த இடத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதுதான் அந்த மாதிரி இடங்களின் ஏற்பாடே. எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும் அப்பாக்களைப் பார்த்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது. இன்னொரு வருஷம் போகும்போது வேறொன்றில் நிற்பான்.

கேள்வி: கோலாலம்பூர் எங்களுக்குத் தூரம். தோட்டத்திலேயே பிள்ளைகளுக்குக் காட்ட ஏதாவது சொல்லுங்களேன்.

பதில்: கெடா பக்கம் என்றால் அலோர் ஸ்டார் குனோங் கெரியாங்கில் தேசிய அறிவியல் மையத்தின் வடக்குக் கிளை இருக்கிறது. பினாங்கு பக்கம் என்றால் கொம்தார் கட்டடத்தில் டெக் டோம் அறிவியல் கூடம். எங்கேயும் போக முடியாதவர்கள் அகலமான ரப்பர் பேண்ட் ஒன்று எடுத்து, படக்கென்று இழுத்து அப்படியே உதட்டில் வைக்கச் சொல்லுங்கள், சூடு தெரியும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் பிடித்திருந்து, தளரவிட்டு உடனே உதட்டில் வைத்தால் குளிரும். அடுத்தது, ரப்பரில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு, பூட்டின் அடிப்பக்கத்துக்கு நேராகச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். சூடானால் கம்பி நீளும், ஆனால் இழுத்துப் பிடித்த ரப்பர் சுருங்கும், பூட்டு மேலே ஏறும். கலைந்து சுருண்டு கிடக்க விரும்பும் நீண்ட மூலக்கூறுகளை எடை நீட்டி வைத்திருக்கிறது, சூடு ஏற ஏற அவை இன்னும் வலுவாகச் சுருளப் பார்க்கின்றன. பிள்ளைகளை முதலில் ஏறுமா இறங்குமா என்று சொல்ல வைத்துவிட்டு அப்புறம் காட்டுங்கள். பூட்டுக்கு நேர் கீழே யாரும் காலை வைக்க வேண்டாம், பழைய ரப்பர் என்றால் அறுந்துவிடும்.